முயலின் பின்பக்கம் அடிக்கடி அழுக்காகிறது, குளிப்பாட்டலாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. இரண்டு வயதுப் பெண் முயல், காது தொங்கும் ஹாலந்து லோப் வகை. ஒரு வாரமாகப் பின்பக்க ரோமத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு நாற்றம் அடிக்கிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது, வழக்கமான உருண்டைப் புழுக்கையும் போடுகிறது. கிண்ணம் நிறைய பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்), கேரட், தினமும் ஒரு துண்டு பப்பாளி அல்லது வாழைப்பழம். கடைக்காரர் வாரம் இரண்டு தரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொல்கிறார். மாமியார் ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

இரண்டும் வேண்டாம். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக்கில் பல வருடமாக உதவியாளர் வேலை. முயலைப் பிடித்து உட்கார வைப்பது, பின்பக்கம் கழுவுவது எல்லாம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோளாறு சாப்பாட்டுக் கிண்ணத்தில் இருந்து வருகிறது. அதைச் சரி செய்யாமல் எத்தனை தரம் கழுவினாலும் மறுநாள் காலையில் அதே கதைதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு நிலைமையில் முயல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். முயல் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக எதையும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. நாய், பூனை ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் சமாளித்துக்கொள்ளும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். வயிற்றில் இருப்பதை வாந்தி எடுக்கவும் முயலால் முடியாது. மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பது, கண்ணைப் பாதி மூடிக்கொள்வது, வயிற்றைத் தரையில் அழுத்திக்கொள்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, காது சில்லென்று இருப்பது, இதெல்லாம் வலியின் அடையாளங்கள்.

அதே போல, உருண்டைப் புழுக்கையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அதுவும் அவசரம்தான். மூன்று மாதம்கூட ஆகாத குட்டி என்றால் இன்னும் மோசம். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி குடலில் புகுந்தால் குட்டிகள் ஓரிரு நாளிலேயே இறந்துவிடவும் கூடும். கடையில் நெருக்கமாக அடைத்து வைத்த குட்டிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் முயல் இப்படி இருந்தால் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் போனைக் கையில் எடுங்கள்.

சரி, கேள்வி கேட்ட சகோதரியின் முயலுக்கு வருவோம். சாப்பிடுகிறது, உருண்டைப் புழுக்கையும் வருகிறது. அப்படியானால் இது வயிற்றுப்போக்கு இல்லை, பெரும்பாலும் முயல் சாப்பிடாமல் விட்ட மென்புழுக்கை. கையுறை போட்டுக்கொண்டு அந்த ஒட்டலில் கொஞ்சம் எடுத்து டிஷ்யூவில் வைத்துப் பாருங்கள். நசுங்காமல் கிடைத்தால், பச்சை மிளகுக் கொத்து மாதிரி சின்னச் சின்ன மணிகள் சேர்ந்து, மேலே வழவழப்பான பளபளப்போடு இருக்கும். மிதிபட்டுவிட்டால் களிம்பாகத்தான் தெரியும். நாற்றமும் சாதாரணப் புழுக்கைக்கு இருக்காது, இதற்குத்தான் இருக்கும்.

முயல் இரண்டு விதமாக மலம் கழிக்கும். காய்ந்த, உருண்டையான, கொண்டைக்கடலை அளவில் இருப்பது ஒன்று. அது ஜீரணமாகாத நாரின் சக்கை. குடலில் தடித்த நார் இப்படி வெளியே தள்ளப்படும்போது, நுணுக்கமான துகளும் சாறும் பின்னோக்கிப் போய் சீக்கம் என்ற பெரிய பையில் சேரும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, பி வைட்டமின்களும் புரதமும் உண்டாக்கும். அதுதான் சில மணி நேரம் கழித்து மென்புழுக்கையாக வெளியே வருகிறது. முயல் குனிந்து ஆசன வாயிலிருந்தே அதை எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிடும். மேலே இருக்கும் வழவழப்புப் பூச்சு வயிற்று அமிலத்தில் அது சிதையாமல் காக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால் நாம் பார்ப்பதே இல்லை. முயல் தன் மலத்தையே தின்கிறது என்று பதறிப்போய் கிளினிக்குக்கு வந்தவர்கள் உண்டு. தின்றால் நல்லது. தின்னாமல் விட்டால்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஏன் விடுகிறது? உங்கள் வீட்டில் காரணம் ஏறக்குறைய வெளிப்படையாகவே இருக்கிறது. பெல்லட்டில் மாவுச்சத்து, பழத்தில் சர்க்கரை. இவை சீக்கத்துக்கு அளவு மீறிப் போனால் நல்ல பாக்டீரியாவின் கணக்கு கெட்டு, மென்புழுக்கை கொத்தாக இல்லாமல் கூழாக வரும். கூழை முயலால் எடுத்து விழுங்க முடியாது. அதன் மேலேயே உட்காரும், ரோமத்தில் அப்பிக்கொள்ளும். பெல்லட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டால் மென்புழுக்கை தேவைப்படாமலும் போகும். இன்னொன்று உடல் எடை. குண்டான முயலுக்கு அந்த இடத்தை வாயால் எட்டவே முடியாது. முதுகைத் தடவிப் பாருங்கள், விலா எலும்பு லேசாக விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் எடை கூடுதல். வயதான முயலுக்கு மூட்டு வலி, முதுகெலும்புத் தேய்மானம் காரணமாக இருக்கலாம். பல் வலியும் இருக்கலாம். லோப் வகைக்கு பல் தொந்தரவும் காதுத் தொந்தரவும் மற்ற வகைகளைவிடக் கொஞ்சம் அதிகம், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரட் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எல்லாருக்கும் முயல் என்றால் கேரட். உண்மையில் கேரட் அதற்கு இனிப்புப் பண்டம். கேரட்டின் இலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. கேரட்டைவிட மோசம் கடையில் விற்கும் கலர் கலரான கலவை. சோளம், சூரியகாந்தி விதை, வண்ண வளையங்கள் போட்டு, பையில் சிரிக்கிற முயல் படம் இருக்கும். முயல் அதில் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை ஒதுக்கிவிடும். அந்தப் பை வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

முயலுக்குச் சோறு என்றால் அது காய்ந்த புல்தான். ஒரு நாள் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாக இருக்க வேண்டும். திமோத்தி புல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, பிடிக்கவில்லை என்றால் ஆர்ச்சர்ட் புல் வாங்கிப் பாருங்கள். அல்ஃபால்ஃபா வேண்டாம். அதில் புரதமும் கால்சியமும் அதிகம், வளரும் குட்டிகளுக்குத்தான் பொருந்தும். ஒரு நாளைக்கு முயலின் உடம்பு அளவுக்காவது ஒரு குவியல் போட வேண்டும், அதற்கு மேல் எவ்வளவு தின்றாலும் தப்பில்லை. நார் குடலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதோடு, புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்பதில்தான் அதன் பற்கள் தேயும். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்கிற பல், முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். பெல்லட் வாயில் பொடிந்துவிடும், பல்லைத் தேய்க்காது. கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் குத்த ஆரம்பித்தால் பிறகு சாப்பாடே இறங்காது.

"என் முயல் புல்லைத் தொடவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். கிண்ணம் நிறைய பெல்லட் இருந்தால் யார்தான் புல்லைத் தொடுவார்கள்? பெல்லட்டை உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் என்ற அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றரைக் கிலோ முயலுக்கு நாளெல்லாம் சேர்த்து 40 கிராமுக்குள், அவ்வளவுதான். ஒரே நாளில் வெட்டிவிடாமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீர் மாற்றமும் குடலுக்கு ஆகாது. பழத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடலாம். எல்லாம் சரியான பிறகு வாரம் ஒன்றிரண்டு தரம் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு கொடுத்தால் போதும். புல்லை மலம் கழிக்கும் டிரேயின் ஒரு முனையிலேயே போட்டு வையுங்கள். முயலுக்குத் தின்றுகொண்டே போவது பழக்கம், அங்கே வைத்தால் கட்டாயம் கடிக்கும்.

பினாங்கில் இருப்பதில் ஒரு தொந்தரவு உண்டு. காற்றில் ஈரம் அதிகம், காய்ந்த புல் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். மலிவாக இருக்கிறது என்று பெரிய மூட்டை வாங்காதீர்கள். அட்டைப் பெட்டியிலோ துணிப் பையிலோ தரையில் படாமல் வைத்து, கொடுக்கும் முன் மோந்து பாருங்கள். வெயிலில் காய்ந்த புல் வாசம் வர வேண்டும். ஈரத் துணி வாடை வந்தாலோ, உதறினால் வெள்ளைத் தூசி பறந்தாலோ வீசிவிடுங்கள். நேப்பியர் புல் பறித்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சுத்தமான இடத்தில் வளர்ந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் கொடுக்கலாம். சாலையோரத்துப் புல் வேண்டவே வேண்டாம், எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கீரை வகையில் நமக்குக் குறையே இல்லை. காலை பாசாரில் கிடைக்கும் கொத்தமல்லி, புதினா, சூப்புக்குப் போடும் செலரி இலை, பக் சோய், ரோமைன் எல்லாம் கொடுக்கலாம். இப்போது வயிறு கெட்டிருப்பதால் ஒரு வாரம் போகட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு கீரை, சின்னக் கைப்பிடி அளவு. மறுநாள் புழுக்கை சரியாக இருந்தால் அடுத்த கீரை. கங்கோங் தினமும் கட்டுக் கட்டாகப் போடுவது இங்கே பலர் வீட்டு வழக்கம். அதில் தண்ணீர்தான் அதிகம், எப்போதாவது கொஞ்சம் போதும். முருங்கை இலையில் கால்சியம் மிகுதி. முயல் வேண்டாத கால்சியத்தைச் சிறுநீரில்தான் வெளியே தள்ளும், அதிகமானால் சிறுநீர்ப் பையில் வண்டலாகப் படியும். முட்டைக்கோஸ் வாயு. வெங்காயம், பூண்டு, குச்சாய் (பூண்டு வாசனைக் கீரை), அவகாடோ, சாக்லேட் எதுவும் கூடாது. பிஸ்கட்டும் ரொட்டியும் கூடாது. தேத்தண்ணீர் நேரத்தில் தாத்தா ஆசையாக ஒரு கிரீம் கிராக்கர் நீட்டுவார், முயலும் ஓடி வரும். முயலை மாற்றுவது எளிது, தாத்தாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்போது சுத்தம் செய்யும் விஷயம். முயலை முழுசாகத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டக் கூடாது. அடர்த்தியான உள்ரோமம் ஒரு தரம் நனைந்தால் காய மணிக்கணக்கில் ஆகும், உடம்பு குளிர்ந்துவிடும். அதைவிட ஆபத்து பயம். பயந்து பின்னங்காலால் உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்து போகும், அவ்வளவு லேசான எலும்பு, அவ்வளவு வலுவான கால். பயத்தாலேயே சாப்பாட்டை நிறுத்திவிடவும் கூடும். ஷாம்புவும் தேவையில்லை. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போகும்.

அழுக்கான இடத்தை மட்டும் கழுவினால் போதும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. அகலமான பிளாஸ்டிக் பேசினில் வழுக்காமல் இருக்க ஒரு துண்டை விரித்து, இரண்டு விரல்கட்டை உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. ஒருவர் முன்பக்கத்தை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் பஞ்சால் தண்ணீரை ஊற வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். முயலின் தோல் மெலிசு, காய்ந்த கட்டியைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து கிழியும். ஐந்து நிமிடம் ஊறினால் தானாகக் கரைந்து வரும். சிக்குப் பிடித்த ரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். ரோமத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது தோலும் கூடாரம் போல எழும்பி நிற்கும், வெட்டியது தோல் என்று ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். அந்தச் சிக்கை கிளினிக்கில் மெஷினால் எடுத்துத் தருவோம்.

மல்லாக்கப் போட்டுக் கழுவும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அசையாமல் கிடப்பதால் சுகமாகத் தூங்குகிறது என்பார்கள். அது பயத்தில் உறைந்து போவது. அப்படிச் செய்யாதீர்கள்.

கழுவியதும் துண்டால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுங்கள், அடி ரோமம் வரைக்கும். ஹேர் டிரையரைச் சூடாக வைக்க வேண்டாம், குளிர்ந்த காற்றில் தூரத்தில் இருந்து பிடிக்கலாம், சத்தத்துக்கு மிரண்டால் அதையும் விட்டுவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் தோல் வெந்து சிவந்துவிடும். பேபி பவுடர் வேண்டாம், மூக்கில் ஏறும். பிறப்புறுப்பின் இரு பக்கமும் மடிப்புக்குள் பழுப்பு மெழுகு மாதிரி சேர்ந்திருந்தால் அது வாசனைச் சுரப்பியின் கழிவு. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். பாதி நாற்றம் அங்கிருந்துதான் வரும்.

தினமும் காலையும் மாலையும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் ஈ. இந்த ஊரில் வருடம் முழுக்க ஈ உண்டு. அழுக்கு ஒட்டிய ரோமத்தில் ஈ முட்டை வைத்தால், நம் வெயிலுக்கு ஒரே நாளுக்குள் பொரித்துப் புழுவாகும், புழு உயிரோடு இருக்கும் முயலின் சதைக்குள்ளேயே துளைத்துப் போகும். இளமஞ்சளும் வெள்ளையுமாகச் சின்ன முட்டைக் கொத்து தெரிந்தாலோ, ஒரு புழு நெளிந்தாலோ, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக வண்டியை எடுங்கள். மாடி வீடு என்றால் ஈ வராது என்று நினைக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: பூச்சிக்கென்று நாய் பூனைக்குத் தடவும் ஃபிப்ரோனில் மருந்து முயலின் உயிரையே வாங்கிவிடும்.

டிரே விஷயம் சின்னது. காகிதத் துகளோ, சூடேற்றித் தயாரித்த மரத்தூள் பெல்லட்டோ போடலாம். தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மண் கூடாது, தின்றால் குடலை அடைக்கும். சிறுநீர்க் கறை வெள்ளையாகப் படிந்தால் வினிகர் ஊற்றி ஊற வையுங்கள், கால்சியம் என்பதால் கரைந்துவிடும். டெட்டால் வேண்டாம். கூண்டின் தரை கம்பி என்றால் பாய் அல்லது துண்டு விரியுங்கள், கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகும். சிறுநீர் சில நாள் ஆரஞ்சாக, சிவப்பாக வந்தால் பெரும்பாலும் கீரையின் நிறம்தான். ரத்தமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் மட்டும் பயப்படுங்கள். பெண் முயல் என்பதால் கருத்தடை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், நான்கு வயது தாண்டினால் கருப்பைப் புற்று மிகச் சாதாரணமாக வருகிறது.

வெயிலும் வயிற்றைக் கெடுக்கும். முயலுக்கு 20 டிகிரியை ஒட்டினால் சுகம், 28-ஐத் தாண்டினாலே திணறும். நம் ஊரில் மத்தியானம் 32 என்பது சாதாரண நாள். பால்கனியில் கூண்டை வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமான இடம், தரையில் ஒரு டைல்ஸ் துண்டு, துணி சுற்றிய ஐஸ் போத்தல். வெயிலில் சோர்ந்தால் சாப்பாடு குறையும், குறைந்தால் குடல் மந்தமாகும். வெடிச் சத்தமும் இதே வேலையைச் செய்யும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, அதிலும் எட்டாம் நாள் நடுராத்திரி சீனர்களின் கடவுள் தீ கோங் பிறந்தநாளுக்குப் போடும் வெடி முடிந்த மறுநாள் காலையில் முயல் சாப்பிடவில்லை என்ற போன் எங்களுக்கு வரத்தான் செய்கிறது. அந்த ராத்திரிகளில் உள்ளறையில் வைத்து, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி கொடுங்கள்.

மருந்து. ஓமத் தண்ணீர், கரி மாத்திரை, நமக்கு வயிறு வலித்தால் விழுங்கும் சி கிட் எதுவும் வேண்டாம். முயலின் வயிறு நம் வயிறு மாதிரி இல்லை. எல்லாவற்றையும்விட ஆபத்து வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை வாய் வழியாகக் கொடுத்தால் சீக்கத்தில் நல்ல பாக்டீரியா செத்து, விஷம் சுரக்கும் கிருமி பெருகி, சில நாளில் முயலே போய்விடும். மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் இனிப்பு ஆன்டிபயாடிக் மருந்தில் பல நேரம் இருப்பது அந்த முதல் பெயர்தான்.

சாப்பாட்டை மாற்றி இரண்டு மூன்று வாரத்தில் பின்பக்கம் சுத்தமாகத் தொடங்க வேண்டும். ஆகவில்லை என்றால் மருத்துவரிடம் போய்க் கடைவாய்ப் பல், எடை, முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அன்றைய இரண்டு வகைப் புழுக்கையையும் ஜிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், நாங்கள் கேட்கும் முதல் விஷயம் அதுதான்.

எல்லா கிளினிக்கும் முயலைப் பார்ப்பதில்லை. கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. தீவில் இருக்கும் நீங்கள் முதலில் போன் போட்டு விசாரியுங்கள், அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கருத்தடை ஆபரேஷனுக்கு முன் ராத்திரி முயலைப் பட்டினி போட வேண்டுமா? வாந்தி எடுக்காத பிராணிக்குப் பட்டினி தேவையில்லை, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். "ஆமாம், முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைத் தேடுங்கள்.